கத்தி இல்லை என்றால் இல்லைதான்

பாப்பா மலர்,

நேற்று ராத்திரி கோபத்தில் போனை வைத்துவிட்டாய். எனக்குப் பேச வராது. வக்கீல் குமாஸ்தாவாக எழுதியே பழகிய கை. அதனால் எழுதித் தருகிறேன், தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

உன்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனது அஞ்சு பவுன் சங்கிலி. உன் அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. எனக்கும் வயிறு எரிகிறது. பறித்தவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், 'போலீஸ் புகாரில் கத்தியைக் காட்டினான் என்று ஒரு வரி சேர்த்தால் கேஸ் கெட்டியாகும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாகவும், சேர்க்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாயே, அங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று. பறித்துக்கொண்டு ஓடினால், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 304-ஆம் பிரிவு, அதிகபட்சம் 3 வருஷம். கத்தி வந்துவிட்டால் 311 வரை இழுக்கலாம். அதில் குறைந்தபட்சமே 7 வருஷம்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. நானே ஒருமுறை அந்த வரியை எழுதினேன். கட்சிக்காரர் சொன்னார், எழுதினேன். மனு என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிற பழக்கம். பையனுக்கு மாதக்கணக்கில் ஜாமீன் கிடைக்கவில்லை. வாய்தா தோறும் அவன் அம்மா மடியில் பொரிப் பொட்டலத்தோடு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் என்னிடமே வந்து, "ஐயா, கத்தின்னு யாரு எழுதுனாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்று வள்ளுவரே களை பறிக்கச் சொல்கிறார் என்று வாதாடினாய். சரி. ஆனால் அது அரசனுக்குச் சொன்ன செங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது, ஒறுக்கிறவன் வேந்தன். அதுவும் கொலைகாரனை. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்கிற குறளைத் துறவறத்தில் வைத்திருக்கிறார், அவர் நாண நல்லது செய்துவிடு என்று. எந்தக் கோபத்துக்கு எந்தக் குறள் வசதியோ அதை எடுத்துக்கொள்கிறோம், நானும்தான்.

"நான் என்ன மெய்ப்பொருள் நாயனாரா?" என்றும் கேட்டாய். நம்ம திருக்கோவலூர் ராஜாவின் கதை, அடியார் வேஷத்தில் வந்து குத்திய எதிரியையும் விட்டுவிடச் சொன்னவர். உண்மையைச் சொன்னால், குத்தியவனை அவர் விட்டது எனக்கே முழுசாக ஒப்பவில்லை. கோர்ட்டில் காலம் தள்ளியவனுக்கு ஒப்பாது. எனக்குப் பிடித்தவன் அவருடைய காவலன் தத்தன். அந்த எதிரி முத்தநாதன் சுவடிக் கட்டில் ஒளித்து வந்த கத்தியால் ராஜாவைக் குத்திவிட்டான். தத்தன் வாளை ஓங்கிவிட்டான். கீழே விழுகிற ராஜா "தத்தா, நமர்" என்கிறார், நம்மவர் என்று. ஓங்கிய வாளை இறக்கி, வழியெல்லாம் சூழ்ந்துகொண்ட ஜனத்தை விலக்கி, ஊர் எல்லை தாண்டும்வரை அந்தக் கொலைகாரனுக்குக் காவலாகப் போகிறான். அவன் மனசு எப்படிக் கொதித்திருக்கும்! மன்னித்தவர் ராஜா. தத்தன் மன்னித்ததாக எங்கேயும் இல்லை.

உன்னிடம் நான் கேட்பது தத்தன் வேலைதான். சங்கிலி பறித்தவன்மேல் கோபத்தை வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுது: எத்தனை மணி, எந்தத் தெரு, வண்டி என்ன நிறம், அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான். கீறல்கூட இல்லை என்றாயே, அதையும் எழுது.

கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியாக வாசித்துப் பார். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்கிக்கொள், அதற்குக் காசு கிடையாது. அம்மா உன்னிடம் பேசணுமாம், சாயங்காலம் கூப்பிடு.

அப்பா