தம்பியை ஆய்வில் சேர்த்துவிட்டோம்: ஒரு நன்றி மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த ஏழு மாதங்களாக எங்கள் பாரத்தில் பங்கெடுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் வணக்கம். நேற்று முன்தினம் சென்னையில், நிணநீர்ப் புற்றுநோய் திரும்பிவந்த தம்பிக்கு, மருத்துவ ஆய்வொன்றில் கொடுத்துப் பார்க்கும் மருந்தின் முதல் தவணை ஏறியது. மருந்து இறங்கி முடிந்து, செவிலியர் ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தியபோது அவன் என் பக்கம் திரும்பி, "பசிக்குதுக்கா" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நெறி மறுபடியும் கட்டியதையும் அதன்பின் வந்த நாள்களையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றை இங்கே மீண்டும் எழுதப் போவதில்லை. நன்றியை ஆறப்போடக் கூடாது என்பதால் வீடு திரும்பிய கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நன்றியில் பெரும்பங்கு, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட, ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணுக்கு உரியது. லிம்போமா என்று நாம் ஒரே பெயரால் சொல்லும் நிணநீர்ப் புற்றுநோய்க்குள் பல பத்து வகைகள் உண்டு. அதனால் மருத்துவ ஆய்வில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன், அவருடைய நோய் இன்ன வகைதான் என்பதை ஆய்வு நடத்துபவர்களின் நோயியல் வல்லுநர் மறுபடி பார்த்து உறுதி செய்வது வழக்கம். அதற்கு பயாப்சி அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களே, அந்த பிளாக் வேண்டும். அதிலிருந்து தாளினும் மெல்லிய சீவல்கள் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். தம்பியின் பிளாக் கடலூரில் பயாப்சி செய்த ஆய்வகத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

போய்க் கேட்டபோது, கட்டடம் மாற்றுவதற்காக எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டதாகவும், அடுத்த வாரம் வந்து பார்க்கலாம் என்றும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் முன்மேசையில் சொன்னார்கள். சேர்க்கைக்கு முந்தைய பரிசோதனைகளை முடிக்க எங்களுக்குத் தரப்பட்டிருந்தவை 28 நாள்கள். அவற்றில் 11 நாள்கள் கழிந்துவிட்டன. பிளாக் இல்லையென்றால் மறுபடியும் பயாப்சி எடுக்க வேண்டும், இம்முறை வயிற்றின் ஆழத்திலிருந்து. நான் மேசையை விட்டு நகராமல் நின்றேன். வீட்டுக்குக் கிளம்பத் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "நம்பர் ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டார். ரசீது என்னிடம் இல்லை. ஆனால் நூலகராகப் பதிவெண் எழுதி எழுதிப் பழகிய கை என்பதால், பயாப்சி எண்ணை அன்றைக்கே என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

உள்ளே அட்டைப் பெட்டிகள் இருபதுக்கு மேல் இருந்தன. அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அஞ்சல்தலையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் சட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பென்சிலால் எழுதிய எண். நாங்கள் அலமாரியில் புத்தகங்களைச் சரிபார்ப்பது போலவே அவர் விரலை ஓட்டி, எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். இரவு ஒன்பது இருபதுக்குத் தம்பியின் எண் எழுதிய பிளாக்குகள் இரண்டு கிடைத்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் அவற்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ரெண்டையும் கொண்டு போங்கக்கா. ஆனா ஏ2-லதான் சதை நிறைய இருக்கு, அதை முதல்ல வெட்டச் சொல்லுங்க" என்றார். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி வாங்கிப் பதிவேட்டில் என் கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டார். பிறகு தம்முடைய மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, அடியில் பஞ்சு பரப்பி, பிளாக்குகளை உறையிலிட்டு உள்ளே வைத்து மூடினார். "வண்டி டிக்கியில மட்டும் வச்சிடாதீங்க. கத்திரி வெயில், மெழுகு இளகிடும். மடியிலயே வச்சுக்குங்க."

நான் நீட்டிய பணத்தை அவர் என் உள்ளங்கையிலேயே மடித்து வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "தினமும் இதுக்கெல்லாம் சாயம் போடுறேங்க்கா. யாரோடதுன்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. உங்க தம்பி போட்டோ இருந்தா காட்டுங்களேன்." தேவனாம்பட்டினம் கடற்கரையில் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு தம்பி நிற்கும் படத்தைக் காட்டினேன். சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுதான்" என்று சொல்லி டப்பாவை என் கையில் கொடுத்தார். மறுநாள் விடியற்காலை அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்குப் போனேன். ஏ2-வை முதலில் வெட்டச் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த இரவு வரை எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தம்பிக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர், நோய் திரும்பியது தெரிந்த அன்றே, அடுத்த கீமோவைத் தொடங்குவதற்கு முன் ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்று ஒரு வாரம் தேடிப் பாருங்கள் என்றார். முன்பு எத்தனை விதச் சிகிச்சைகள் எடுத்திருக்கிறோம், கடைசி மருந்து ஏறி எத்தனை நாளாயிற்று என்பதையெல்லாம் ஆய்வுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றும், அவசரப்பட்டு ஒரு சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் சில கதவுகள் மூடிவிடக்கூடும் என்றும் அவர் விளக்கியிராவிட்டால் எங்களுக்கு அது தெரிந்தேயிருக்காது. ஒரு வாரம் பொறுக்கத் தாங்குமா என்பதையும் அவரே பார்த்துச் சொன்னார்.

தேடும் வேலையில் என்னோடு உட்கார்ந்தவர், போட்டித் தேர்வுக்குப் படிக்க எங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் வரும் ஓர் இளைஞர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு, சி.டி.ஆர்.ஐ. என்பதுதான், நாங்கள் தேடிய இடம். அது 2007 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் நாட்டில் நடக்கும் மருந்தாய்வுகள் இதில் பதிவாக வேண்டும் என்பது கட்டாயம். யாரும் பணம் கட்டாமல் பார்க்கலாம். எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் நடக்கிறது, பொறுப்பு மருத்துவர் யார், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், இப்போது ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த இளைஞர் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு ஒவ்வொன்றையும் எழுதினார். பதினேழு ஆய்வுகள் எழுதி, சேர்க்கை முடிந்தவற்றையும் வேறு வகை லிம்போமாவுக்கானவற்றையும் சிவப்பு மையால் அடித்த பிறகு நான்கு மிஞ்சின. தொலைபேசியில் கேட்டதில் இரண்டு. தம்பிக்குப் பொருந்தியது ஒன்று. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நான்கு நாள்களை அவர் எங்களுக்குக் கொடுத்தார்.

இடையில் ஓரிடத்தில், பெருந்தொகை கட்டினால் புதிய சிகிச்சை ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதை நம்பி நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டோம். ஆய்வுக்கென்று செய்யும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்வதை எடுத்துக் காட்டி எங்களைத் தடுத்தவர், மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர். அந்த ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. பதிவெண்ணைக் கேளுங்கள் என்றார். கேட்டோம், அவர்களிடம் அப்படி எதுவும் இல்லை.

ஒப்புதல் படிவம் வந்தபோது வீட்டில் எழுந்த அச்சத்தையும் மறைக்கப் போவதில்லை. எலிக்குப் போடுவதைப் பிள்ளைக்குப் போடப் போகிறார்களா என்று அம்மா அழுதார். தமிழில் இருந்த அந்தப் படிவத்தை மூன்று மாலைகளில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதையும், ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்பதையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இந்த ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டுமல்லாமல் சட்டம் அறிந்தவரும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பதைச் சொன்னபோதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

அப்போது நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒன்றையும் அம்மாவிடம் சொன்னேன். தம்பிக்கு முதல்முறை ஏறிய ஆர்-சாப் என்ற சிகிச்சைக்கு அடித்தளமான ஆய்வு 2002-இல் வெளியானது. பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று நடத்திய அதில் பங்கேற்றவர்கள் 399 பேர். எல்லோரும் 60 முதல் 80 வயதுக்கு உட்பட்டவர்கள். சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து 202 பேருக்குப் புதிய மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், 197 பேருக்குப் பழைய மருந்துகளை மட்டும் கொடுத்தார்கள். நோய் முழுவதுமாக அடங்கியவர்கள் புதிய மருந்து பெற்றவர்களில் 76 விழுக்காடு, மற்றவர்களில் 63. இன்று இந்த நோய்க்குக் கடலூர்ப் பிள்ளைக்கும் அதே சிகிச்சை கிடைக்கிறதென்றால், எங்கோ இருந்த அந்த முதியவர்கள், எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் காரணம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற, நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றிப் புற்றுநோயை எதிர்க்க வைக்கும் செல் சிகிச்சையும் நம் நாட்டு நோயாளிகள் இப்படி முன்வந்ததால்தான் வந்தது. அவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடல் உரியது. அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்பியிடம் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

விடுப்பு மாற்றிக்கொடுத்த என் சக நூலகர்களுக்கும், நள்ளிரவில் இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்க ஓடிவந்த புதுச்சேரி நண்பர்களுக்கும், ஒவ்வொரு பயணத்திலும் தாம்பரத்தில் வீட்டைத் திறந்து வைத்திருந்த சித்தப்பா சித்திக்கும், தம்பி மகனைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டு அழைத்துவந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கும், அழைக்கும்போதெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கும் எங்கள் குடும்பமே கைகூப்பி நன்றி சொல்கிறது.

மருந்து வேலை செய்கிறதா என்பது சில வாரங்கள் கழித்து எடுக்கப் போகும், உடலில் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில்தான் தெரியும். அது எப்படி வந்தாலும், அந்த நீள நோட்டை நான் மூடிவைக்கப் போவதில்லை. நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆய்வு தேட வேண்டிய நிலையில் உங்களில் எவரேனும், உங்களுக்குத் தெரிந்த எவரேனும் இருந்தால், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் பயாப்சி அறிக்கையோடு நூலகத்துக்கு வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தேடித் தருகிறேன், தொலைபேசியிலும் நானே பேசுகிறேன்.

தங்கையே, உங்கள் எவர்சில்வர் டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பண்ருட்டி முந்திரியில் அம்மா ஏதோ செய்கிறார். உடம்பு ஒத்துழைத்தால் தம்பியும் என்னோடு வருவான். நீங்கள் பார்த்த போட்டோவில் இருந்த முடி இப்போது இல்லை, மற்றபடி அவனேதான்.