காகிதக் கவரில் வரும் சளி மாத்திரைக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் ஓயாமல் கேட்கும் பேச்சு இது: "சளி, தும்மல், உடம்பு வலி. ஒரு வேளைக்கு மாத்திரை கொடுங்கள்." கேட்பவர் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. கொடுப்பவரும் சொல்வதில்லை. நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி எடுத்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "சாப்பிட்டபின் போடுங்கள்" என்று நீட்டிவிடுகிறார்கள். மூன்று வேளை கேட்டால் மூன்று கவர்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து வாங்குவதே தப்பு என்று உபதேசம் செய்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு தும்மலுக்காகப் புறநோயாளி வரிசையில் அரை நாள் நிற்க யாருக்கு முடியும்? நிற்கத் தேவையும் இல்லை. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானே விலகிவிடும். அதுவரை மூக்கு ஒழுகாமலிருக்க ஒரு மாத்திரை, தலைவலிக்கு ஒரு மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்குவது உலகம் முழுக்க நடப்பதுதான். அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது விழுங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், கவரின் மேல் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். போன மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்து, வழக்கம்போல் கடையில் கவர் வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் இரவு சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகி, வலி தாங்காமல் துடித்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போய்க் குழாய் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று அங்கே கேட்டதற்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் அவருடைய மகள் மிச்சமிருந்த கவரை என்னிடம் கொண்டுவந்தாள். உள்ளே நாலு மாத்திரைகள். இரண்டு அட்டைத் துண்டுகளில் பெயர் அடியோடு இல்லை. ஒன்றில் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் வெட்டுக்குத் தப்பியிருந்தன. ஒரு துண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், பாராசிட்டமாலும் குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மாத்திரை என்று தெரிந்தது. இதையே தொழிலாக வைத்திருந்த எனக்கே அவ்வளவு நேரம் பிடித்தது.

குளோர்பெனிரமின் என்பது நம் அரசு மருத்துவமனைகளில் "சி.பி.எம்." என்று சொல்லிக் கொடுக்கிற அதே பழைய அலர்ஜி மருந்து. அவில் மாத்திரையும் இந்த இனம்தான். மூக்கொழுகலை நிறுத்தும், அரிப்பை அடக்கும், தூக்கத்தைக் கொண்டுவரும். கூடவே சிறுநீர்ப்பை சுருங்கி வெளியேற்றுகிற வேகத்தையும் தளர்த்தும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கக்கூடியவை. ப்ராஸ்டேட் வீங்கியவருக்கு இவை இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வீடே பார்த்தது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், மலச்சிக்கல்காரர்கள், மறதி தொடங்கிய முதியவர்கள் ஆகியோருக்கும் இந்தப் பழைய வகை மாத்திரைகள் ஆகாது. கடையில், "ஐயா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவரும் மறைக்கிற மனிதர் இல்லை.

அடுத்தது பாராசிட்டமால். நல்ல மருந்து, அளவோடு போட்டால் இதைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து கிடையாது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். குடிப்பழக்கம் உள்ளவர், கல்லீரல் நோயாளி, மெலிந்த முதியவர் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. சிக்கல் என்னவென்றால், சளி மாத்திரை என்று விற்கிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இது ஏற்கெனவே இருக்கிறது. 500 மில்லிகிராம் உள்ள சளி மாத்திரையை மூன்று வேளை போட்டால் 1,500. "காய்ச்சல் விடவில்லையே" என்று வீட்டில் இருக்கும் 650-ஐ நாலு முறை போட்டால் 2,600. மொத்தம் 4,100. தலைவலிக்கென்று பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டது தனிக் கணக்கு. இவர் எந்த இடத்திலும் அளவை மீறியதாக நினைக்கவே மாட்டார். பெயர் தெரியாத மாத்திரையைக் கூட்டிப் பார்க்க முடியாதல்லவா? அளவு மீறினால் அடிவாங்குவது கல்லீரல். முதல் நாளில் அது வெளியே காட்டிக்கொள்ளாது.

எங்கள் டெல்டா பகுதியில் இன்னொன்றும் பார்க்கிறேன். அறுவடை நாட்களில் இயந்திரம் ஓட்ட வருகிற இளைஞர்களுக்கு நெல் தூசியால் ஓயாத தும்மல், கண்ணில் நீர். காலையில் ஓர் அவிலைப் போட்டுக்கொண்டு வண்டி மேல் ஏறுகிறார்கள். அந்த மாத்திரை மூளைக்குள் புகுந்து மந்தப்படுத்தக்கூடியது. தூக்கம் வருவதாகத் தெரியாவிட்டாலும் கை, கண் வேகம் குறையும். மாலையில் மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஃபெக்ஸோஃபெனடின், லோராட்டடின் போன்ற பிந்தைய வகை மாத்திரைகள் ஏற்றவை. ஃபெக்ஸோஃபெனடினை மட்டும் ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு விழுங்காமல் தண்ணீரில் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாக ஏறாது. செட்ரிசின் இடைப்பட்டது. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைச் சாய்த்துவிடும். முதல்முறை இரவில் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். தூசிக்கு மூக்கை மறைத்து ஒரு துணி கட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள், அது வேறு கதை.

கவருக்குள் சில சமயம் குட்டியாக ஒரு மாத்திரை இருக்கும். "அலர்ஜிக்கு" என்பார்கள். பல நேரங்களில் அது பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. போட்ட அன்றே அரிப்பு அடங்கும், உடம்பு லேசாகும், கடைக்காரருக்குக் கைராசி என்று பெயர் வரும். சர்க்கரை நோயாளிக்கு அதுவே சர்க்கரையை எகிறவைக்கும். மாதக்கணக்கில் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டத்தில் இடமில்லை. தும்மலுக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றைச் சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

இனிக் குழந்தைகள். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சளி மருந்து குடித்த குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னது நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஆலையைப் பற்றியும் ஆய்வாளர்களைப் பற்றியும் எழுதவேண்டியதையெல்லாம் பத்திரிகைகள் எழுதின. கூடவே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பாட்டிலில் லேபிளின்படி இருந்திருக்க வேண்டியவையும் அதே பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கூட்டணிதான். பின்னிரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அப்படி லேபிளில் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆக, நஞ்சு ஒரு துளியும் கலக்காமல் சுத்தமாகத் தயாராகியிருந்தாலும் அது அந்த வயதுக் குழந்தைக்கான மருந்தே அல்ல. ஃபினைல்எஃப்ரினை வாய்வழி கொடுத்தால் பெரியவர்களுக்கே மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அந்த நிர்வாகம், சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்தே அதை நீக்க முன்மொழிந்தது. நம் கடைகளிலோ அது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்து எழுதவே வேண்டாம், 5 வயதுவரை பொதுவாகத் தவிர்க்கலாம் என்று மத்திய அரசும் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அப்படியானால் இரவெல்லாம் இருமுகிற பிள்ளைக்கு என்னதான் செய்வது என்று தாய்மார்கள் கேட்பார்கள். மூக்கில் உப்புநீர் சொட்டு, அடிக்கடி பால், தண்ணீர், ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. நொச்சி இலை ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிக்கிற பானையைக் குழந்தைக்கு முன் வைத்து, வெந்த பிஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ கடைக்கல்ல, டாக்டரிடம் போக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சின்னப் பாட்டிலில் வரும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். பெரிய பாட்டில் சிரப்பில் 5 மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25. பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, சிரப்பில் ஆறு மில்லி. "போன தடவை ஆறு மில்லி கொடுத்தேன்" என்ற ஞாபகத்தில் பாட்டி சொட்டு மருந்தைப் பாலாடையில் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். சிரப் என்று எழுதியிருந்தாலும் 250 போட்ட பாட்டிலும் உண்டு. பாட்டிலோடு வரும் மூடி, துளிக்குழாய் இரண்டையும் தொலைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலாடையும் சமையல் கரண்டியும் மருந்தளக்க உதவா.

மூக்கில் விடும் சொட்டு மருந்து பற்றி ஒரு வரி. ஆக்ஸிமெட்டஸோலின், ஸைலோமெட்டஸோலின் என்று போட்டிருப்பவற்றை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் விடக் கூடாது. மீறினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்; அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது.

இந்தியாவில் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மருந்துகள் என்று சட்டம் தனியாக வரையறுத்த பட்டியல் கிடையாது. அதனால் கடையில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பதே பட்டியல். பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனையோ கடைகளில் பத்தாம் வகுப்பு முடித்த பையன் நிற்கிறான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவம், அவனும் வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிறான். அட்டையிலோ எல்லாம் ஆங்கிலம், அதுவும் கடுகளவு எழுத்தில். அடங்கிய மருந்துகளின் பெயர்களைத் தமிழிலும் அச்சிட வைக்கக் காலம் பிடிக்கும். கவரில் எழுத வைக்க அவ்வளவு காலம் வேண்டாம்.

மாநில அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அங்கிருந்தே தொடங்கலாம். கவரில் நாலு கோடு போட்டு அச்சடித்துத் தாருங்கள்: மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, காலாவதி மாதம். பின்பக்கத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ப்ராஸ்டேட், கண்ணழுத்தம், கர்ப்பம், வண்டி ஓட்டும் வேலை இருந்தால் வாங்குமுன் சொல்லுங்கள் என்று ஒரு வாசகம். அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கம் வாடிக்கையாளரிடம் போகட்டும். முடியாவிட்டால் முழு அட்டையாகவே கொடுக்கட்டும்.

கூட்ட நேரத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நாலு மாத்திரையின் பெயரை எழுத நேரமில்லை என்றால், அந்தக் கவரில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். சாதாரண ஜலதோஷத்துக்கு அந்த இரண்டு பெரும்பாலும் தேவைப்படாதவைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பட்டுக்கோட்டை