நீறு பூத்த நெருப்பும் பின்னிருக்கைப் பிள்ளைகளும்: முகாமிட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோடை முகாமிடங்களை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும், அவற்றின் வாயிலில் நின்று எங்களை உள்ளே அனுப்பும் காவலர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கூடாரத்தையும் படுக்கைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு நெடுந்தூரம் புறப்படும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மூத்தவனுக்கு 11 வயது, இளையவளுக்கு 6. வானத்தில் இத்தனை நட்சத்திரங்கள் இருக்கின்றன என்பதை அவர்கள் இருவரும் முதன்முதலாகக் கண்டது உங்களைப் போன்றவர்கள் பராமரிக்கும் திடல் ஒன்றில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான். அதற்காக நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை மறவாமல்தான் இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் விதிகளைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், பிள்ளைகளிடமே, அவர்கள் முகம் பார்த்து, காரணத்தோடு சொல்லுங்கள்.

சென்ற கோடையில் ஒரு முகாமிடத்துக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். டார்ச் வெளிச்சத்தில் கூடாரம் அடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, நாங்களும் அயர்ந்துவிட்டோம். மறுநாள் விடியற்காலையில் மகள் எங்களுக்கு முன்பே எழுந்து வெறுங்காலோடு வெளியே போனாள். கூடாரத்துக்குச் சில அடி தள்ளி, கற்களை வட்டமாக அடுக்கிய நெருப்புக் குழி இருந்தது. அதன்மேல் மணல் தட்டி நிரவப்பட்டு, விளையாடுவதற்கென்றே யாரோ ஒதுக்கிவைத்த இடம்போலத் தோன்றியது. அதில் அவள் ஒரு காலை வைத்தாள். அந்த அலறல் கேட்டுத்தான் நாங்கள் விழித்தோம்.

முந்தைய மாலை அங்கிருந்து கிளம்பியவர்கள் நெருப்பின்மேல் மணலைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அவர்களைக் கவனமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கல் வட்டத்துக்குள் ஒரு குச்சிகூடச் சிதறாமல் சுத்தமாக விட்டுச் சென்றிருந்தார்கள். மணல் சுடரை மறைக்கிறதே தவிர தணலைக் குளிர்விப்பதில்லை. போர்வைபோல மேலே கிடந்து சூட்டை உள்ளேயே காத்துவைக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று உவமையாகவே சொல்லிப் பழகியிருந்த எனக்கு, அது என்னவென்று மகளின் உள்ளங்காலில் பார்க்க நேர்ந்தது. குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காலைப் பிடித்திருந்தோம். தீக்காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான். பனிக்கட்டியோ பற்பசையோ உதவாது என்பது நல்ல வேளையாகக் கணவருக்குத் தெரிந்திருந்தது. கொப்புளங்கள் ஆறிவிட்டன, தழும்பு இல்லை.

அந்த முகாமிடத்தில் அறிவிப்புப் பலகை இல்லாமல் இல்லை. கழிவறைச் சுவரில், என் தலைக்கு மேலே, ‘நெருப்பை முழுமையாக அணைத்துவிட்டுச் செல்லவும்’ என்று எழுதியிருந்தது. முழுமையாக அணைப்பது என்றால் என்ன என்று அதில் இல்லை. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, சீறும் ஓசை அடங்கி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்குக் குளிரும்வரை அதைத் தொடர வேண்டும் என்ற இந்த ஒரு வாக்கியம் அங்கே இருந்திருந்தால், முன்னே தங்கியவர்கள் மணலைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் என்னை அதைவிட அதிகமாக உறுத்தியது என் மகன் அன்று மாலை சொன்னதுதான். “எனக்குத் தெரிஞ்சிருந்தா அவளை அங்க கால் வைக்க விட்டிருக்க மாட்டேனேம்மா” என்றான். அவள் எழுந்து வெளியே போனதை அவன் அரைத்தூக்கத்தில் பார்த்திருக்கிறான். அந்தக் குழியைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, உங்கள் துறையைச் சேர்ந்தவர்களும் சொல்லவில்லை.

வாயிலில் நடப்பதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கார் வந்து நிற்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்குகிறது. காவலர் குனிந்து இட எண்ணைச் சொல்லி, கழிவறை எந்தப் பக்கம் என்று கைகாட்டி, விதிகள் அச்சிட்ட தாளை நீட்டுகிறார். வாங்குபவர் பகலெல்லாம் ஓட்டிக் களைத்தவர். வெளிச்சம் போவதற்குள் கூடாரத்தை நிறுத்திவிட வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர். தாள் காரின் முன்தட்டில் போய் விழுகிறது. மறுநாள் காலை முதல் அந்தத் திடலில் அங்குலம் அங்குலமாக நடந்து, தொட்டு, தோண்டி, ஏறிப் பார்க்கப்போகிறவர்கள் பின்னிருக்கையில் அரைத்தூக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களோடு அங்கே யாரும் பேசுவதில்லை.

பின்னிருக்கையில் அவர்கள் கழித்த அந்த நீண்ட மணிநேரங்களை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்தை முன்பதிவு செய்யும்போதே சில நிமிட ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பிவையுங்கள். எழுத்தாக அனுப்பினால் பயணத்தில் பயன்படாது. 2 வயது முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் பயணக் குமட்டல் மிகுதி. கண் அசையாத பக்கத்தைப் பார்த்திருக்க, உட்செவியோ உடல் அசைவதை உணர்ந்துகொண்டிருக்க, இரண்டும் ஒத்துப்போகாமல்தான் அந்தக் குமட்டல் வருகிறது. காதால் கேட்பதில் அந்தத் தொல்லை இல்லை. சன்னல் வழியே தொலைவைப் பார்த்தபடி கேட்கலாம், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கால் நீட்ட இறங்கும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். திடலை அன்றாடம் சுற்றிவரும் காவலர் ஒருவரின் குரலில் அது இருந்தால், நாங்கள் நூறு முறை சொல்வதைவிடப் பிள்ளைகள் அதை மதிப்பார்கள்.

இரண்டாவதாக, வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பிள்ளைகளை அழைத்து ஒரு கால்மணி நேரம் பேசுங்கள். காலையை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில பெரியவர்களை ஒரு வாரம் மின்விளக்கு இல்லாமல் மலைப்பகுதியில் கூடாரத்தில் தங்கவைத்து, அவர்களுடைய உறக்கக் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போனதை 2013இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளிடம் இதை நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். வீட்டில் எழுப்ப எழுப்பப் புரண்டு படுப்பவர்கள், கூடாரத்துணி வெளுக்கத் தொடங்கியதும் தாமாகவே எழுந்துவிடுகிறார்கள். பெற்றோர் இன்னும் உறங்கும் அந்த நேரத்தில்தான் அவர்கள் தனியாக வெளியே வருகிறார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வழி தவறிப்போவதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் 1981இல் 9 வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்தோடு மலைக்கு வந்த இடத்தில் காணாமல்போய் இறந்ததையடுத்து, தேடுதல் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள் சேர்ந்து ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்ற பாடத்தைப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள். வழி தெரியவில்லை என்று உணர்ந்த கணமே நின்றுவிடு. அருகிலுள்ள மரத்தடியிலேயே இரு. நீ நகர்ந்துகொண்டே போனால் தேடுபவர்கள் அலச வேண்டிய பரப்பு பெரிதாகிக்கொண்டே போகும். இவ்வளவுதான் அந்தப் பாடம். கழுத்தில் ஒரு விசில் இருந்தால் மும்மூன்று முறையாக ஊதலாம். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன பிறகும் விசில் கேட்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருபவர்கள் முன்பின் தெரியாதவர்கள் என்பதாலோ, திட்டுவார்களே என்ற பயத்தாலோ, தொலைந்த பிள்ளைகள் சில நேரம் பதில் கொடுக்காமல் ஒளிந்துகொள்கிறார்கள். ‘உன்னைத் தேடி வருபவர் கோபமாக வர மாட்டார், சத்தம் கொடு’ என்று சீருடை அணிந்த ஒருவரே சொன்னால், அந்தச் சீருடையை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நீர்நிலை பற்றி ஒன்று: மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் அமிழ்ந்துபோகிறது. ஆகவே கரையில் ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்தபடி நிற்காதவரை ஒரு பிள்ளைகூட இறங்கக் கூடாது. காற்றடைத்த வளையம் உயிர்காப்பு அங்கிக்கு ஈடாகாது. இடி பற்றி ஒன்று: கூடாரம் மின்னலிலிருந்து காப்பதில்லை, உலோகக் கூரையும் மூடிய கண்ணாடிகளும் உள்ள கார் காக்கும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை அதை விட்டு இறங்கக் கூடாது. அந்த 30 நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் அளக்கும் பொறுப்பை 8 வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். எந்தப் பெரியவரையும் முன்கூட்டியே இறங்க விடாது. பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர்கள் விழிக்காமலே போய்விடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். என் அனுபவம் வேறு. காரணம் சொல்லாமல் ‘தொடாதே, போகாதே’ என்று விரட்டும்போதுதான் பிள்ளைகள் மிரள்கிறார்கள், அல்லது மீறிப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ‘இளம் வனக்காவலர்’ என்ற திட்டம் நடந்துவருகிறது. பிள்ளைகள் தங்களுக்கான சிறு பயிற்சி ஏட்டை முடித்துக் காவலரிடம் காட்டுகிறார்கள். காவலரின் முன்னால் கைதூக்கி உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒரு வில்லையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்ட பிள்ளை அந்த இடத்தைத் தன் பொறுப்பாகவே நினைக்கிறது. வில்லை கொடுக்க உங்களிடம் நிதி இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அந்தப் பேச்சுக்குச் செலவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மைதான் என்பதை மாலை நேர வாயிலின் நெரிசலிலேயே பார்த்திருக்கிறேன். அப்படியானால் வாரத்தில் கூட்டம் மிகுந்த இரண்டு நாட்களிலாவது தொடங்குங்கள்.

பேச்சோடு சேர்த்துச் செய்ய வேண்டிய சில வேலைகளும் உள்ளன. ஒவ்வொரு நெருப்புக் குழியருகேயும் ஒரு வாளி இருக்கட்டும். ஒரு குடும்பம் இடத்தைக் காலிசெய்து, அடுத்த குடும்பம் வருவதற்குள், உங்கள் பணியாளர் ஒருவர் அந்தக் குழியில் புறங்கையை வைத்துப் பார்க்கட்டும். பலகைகளில் ஒன்றையேனும் 6 வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி படத்தோடு எழுதிவையுங்கள்.

நானும் மகனும் சேர்ந்து அத்தகைய ஒலிப்பதிவுக்கான வரைவு ஒன்றை எழுதிவைத்திருக்கிறோம். நிதானமாகப் படித்தால் நான்கு நிமிடம் ஆகிறது. எந்த முகாமிடம் கேட்டாலும் அதை அனுப்பித் தருகிறோம். உங்கள் அனுபவத்தைக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கோடையிலும் வருகிறோம். மகள் இப்போதெல்லாம் எந்தத் திடலில் இறங்கினாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் நெருப்புக் குழியின் ஓரத்தில் குந்தி, புறங்கையை மணலுக்கு மேலே நீட்டி, மெதுவாகப் பத்துவரை எண்ணுகிறாள்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தாய்