சாலைத் தூசி குறைந்தால் போதுமா?

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர் செயலர் ஆகியோருக்கு வணக்கம்.

போகி நெருங்கினால் வாரியம் சுறுசுறுப்பாகிவிடும். டயர் கொளுத்தாதீர்கள், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று வேண்டுகோள் வரும். மண்டலவாரியாகக் காற்றை அளந்து அறிக்கையும் வரும். நல்லதுதான். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைபட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் மற்ற நாட்களில் ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதில் அதே வேகத்தைக் காணோம்.

2019 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தபோது காற்றில் மிதக்கும் பிஎம் 10 (10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் சிறிய துகள்), பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) இரண்டையும் குறைப்பதாகத்தான் சொன்னது. நடைமுறையில் நகரங்களின் முன்னேற்றத்தைப் பிஎம் 10 அளவை வைத்தே எடைபோடுகிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும் இதில் அடக்கம். எந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணோ அதைத்தானே மாணவன் படிப்பான்? இயந்திரம் வைத்துச் சாலை கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, சாலையோர மண்ணை மூடித் தளம் போடுவது என்று பணம் போகிறது. கண்ணில் படும் தூசி அடங்கும், எண்ணும் குறையும். நுரையீரலின் அடி ஆழம்வரை இறங்கும் நுண்துகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

காரணம், அது பிறக்கும் இடம் வேறு. பிஎம் 10-இல் மண்ணுக்கும் கட்டுமானத் தூசிக்கும் பெரிய பங்கு உண்டு. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் பெரும்பாலும் எதையாவது எரிப்பதில் வருவது: நிலக்கரி, டீசல், குப்பை, விறகு. அதிலும் கணிசமான பகுதி புகைபோக்கியைவிட்டு வெளியேறும்போது துகளாகவே இருப்பதில்லை. வாயுவாகக் கிளம்பும் கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் வேதிமாற்றம் அடைந்து, அம்மோனியாவோடு சேர்ந்து, சல்பேட், நைட்ரேட் துகள்களாகின்றன. அதற்குள் அவை பல கிலோமீட்டர் கடந்திருக்கும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கிளம்பும் புகைக்கு அண்ணா சாலையில் தண்ணீர் தெளித்து என்ன பயன்?

அனல் மின் நிலையங்கள் கந்தக டைஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டு ஆண்டுக் கெடுவோடு. கெடு நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் அலகுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். டெல்லி வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர்வரை அவகாசம். பதினோராவது கிலோமீட்டரில் கிளம்பும் வாயு ஊருக்குள் வராது என்று எப்படி முடிவு செய்தார்களோ, எழுதியவர்களுக்கே வெளிச்சம்.

சென்னைக்குக் கடல் காற்று இருக்கிறது, டெல்லி போல ஆகாது என்று ஓர் ஆறுதல் அடிக்கடி காதில் விழுகிறது. பாதி உண்மை. எண்ணூர்க் கரையில் நிற்கும் புகைபோக்கிகளின் புகையை, கடல் காற்று வீசும்போது கடலுக்கா அனுப்பும்? மேற்கே இருக்கும் குடியிருப்புகளுக்குத்தான் தள்ளும். மார்கழி, தை விடியலில் காற்று அசையாமல் தரையோடு தங்கிவிட்டால் அந்த ஆறுதலும் இல்லை.

அடுத்தது, காற்றுத் தரக் குறியீட்டில் நீங்கள் காட்டும் "திருப்திகரம்". பிஎம் 2.5 அளவு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்வரை இருந்தாலும் அந்தச் சொல்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 15. ஆண்டுச் சராசரியில் நம் வரம்பு 40, அவர்களுடையது 5. நம்முடையது 2009-இல் வகுத்தது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய் செயலியைத் திறந்து பார்த்து, திருப்திகரம் என்பதை நம்பிப் பிள்ளையை விளையாட அனுப்புகிறாள்.

இதெல்லாம் டெல்லி முடிவு செய்வது என்று நீங்கள் சொல்லலாம். காற்றின் தர வரம்பு அங்கே வகுக்கப்படுவதுதான். ஆனால் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், பிரிவு 17, மத்திய வாரியத்தைக் கலந்துகொண்டு தொழிற்சாலைகளின் உமிழ்வுக்கு வரம்பு வகுக்கும் பொறுப்பை மாநில வாரியத்துக்குத் தந்திருக்கிறது. ஆலை இயங்க இசைவாணை தருவதும் நீங்களே. அதில் நிபந்தனை எழுதும் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.

எனவே கேட்கிறோம். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கையும் ஒரே காற்று மண்டலமாக வைத்துத் திட்டமிடுங்கள். மாநகராட்சி எல்லைக் கல்லைப் பார்த்து நிற்காது காற்று. அந்தத் திட்டத்தின் வெற்றியைப் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியை வைத்து அளந்து, நிலையம்வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் பொருத்திய கருவிகள் உங்களுக்கு அனுப்பும் உமிழ்வுத் தரவை, பழைய பதிவுகளோடு, யாரும் எளிதாகப் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். வரம்பு மீறிய ஆலையின் பெயரும் எடுத்த நடவடிக்கையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இவற்றை அடுத்த வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எது முடியும், எது முடியாது, ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவர்