மகுடத்தைப் பேய்க்கு அடிக்காதீர்கள்

பேய்ப்படம் எடுக்கும் இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், குறிப்பாக அந்தப் படங்களுக்கு இசையும் ஒலியும் சேர்க்கிற ஐயாமார்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் நாங்குநேரிப் பக்கத்தில் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டுவேன் என்றாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கோயில் கொடை விழாக்களால்தான். சித்திரையில் தொடங்கி ஆவணி முடிய சுடலைமாடன் கோயில், இசக்கியம்மன் கோயில், பேச்சி கோயில் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் எங்காவது ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டிருப்பேன். மகுடம் என்கிற தோல்பறையை அடித்துச் சாமி கதை பாடி ஆடுகிற கணியான் கூத்து என்றால் என்ன, வில்லுப்பாட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்துப்போகிறீர்கள் என்பதால்தான் இந்த மடல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ச் சாமக்கொடைக்கு, அதாவது கொடையின் நடுராத்திரிப் பூசைக்கு, ஒரு காரில் நான்கு பேர் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மகுடச் சத்தம் அப்படியே கலப்படமில்லாமல் வேண்டும் என்று கேட்டார்கள். நானே மிக்சரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தேன். மகுடக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டுகிற சத்தத்தைக்கூட விடாமல் எடுத்தார்கள். உச்ச சுருதி மகுடம் அடித்தவருக்கு 500, மந்த சுருதி மகுடம் அடித்தவருக்கு 500, எனக்கு 2000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு பெரிய படத்துக்குப் போகிறது என்றார்கள். என்ன படம் என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

படம் வந்தது. பேரைச் சொல்லப் போவதில்லை, உங்களில் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். இன்டர்வலுக்குக் கொஞ்சம் முன்னால், மலைமேல் ஒரு பங்களாவில் (வேறு எங்கே இருக்கும்?), நைட்டி போட்ட ஒரு பெண் பீரோவைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து எங்கள் மகுடம் கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வருஷம் உச்ச மகுடத்தின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ‘கிர்’ என்று ஒரு சின்ன இழுப்பு வரும். அதைக் குறைக்கத்தான் அன்று ராத்திரி பூராவும் மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் ‘கிர்’ டால்பியில் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தத்தோடு வெள்ளை முழி போட்ட ஒன்று கூரையில் பல்லி மாதிரி ஊர்ந்து வந்தது. தியேட்டரே அலறியது. என் வீட்டுக்காரி மட்டும் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

அது எந்த அடி என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி சுடலையின் கதையைப் பாடி, சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டுக்கு வரும்போது, மந்தம் அடங்கி உச்சம் மட்டும் நெருங்கி நெருங்கி வரும். அப்போது எங்கள் பெரியப்பா பூடத்துக்கு, அதாவது சாமி பீடத்துக்கு, முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முதலில் துடிப்பது கால் கட்டைவிரல்தான். மண்ணைக் கிள்ளுவது மாதிரி அது அழுந்தும். அப்புறம் முழங்கால், அப்புறம் தோள். ஆராசனை, அதாவது சாமி அருள், வந்ததும் சாமியாடுகிறவர் உடுத்துகிற சல்லடம் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் வாங்கி ஆடத் தொடங்குவார். முப்பது வருஷமாக அவர்தான் சாமிகொண்டாடி. மற்ற நாளில் வாழைக்கு முட்டுக்கம்பு கொடுத்துக்கொண்டு, களக்காட்டுச் சந்தை விலையைப் பற்றி முனகிக்கொண்டு இருக்கிற சாதாரண மனுஷன். அவருக்குச் சாமி வருகிற அந்த அடியில்தான் நீங்கள் பேயைப் பீரோவிலிருந்து இறக்கினீர்கள்.

சரி, போனது போகட்டும், சினிமாதானே என்று இருந்தேன். இந்த ஆடிக் கொடை வரைக்கும்.

தங்கச்சி மகள் அம்பத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஏழு வயது. காலையில் பெரியப்பா அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நுங்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். நாள் முழுக்கத் தாத்தா தாத்தா என்று அவர் துண்டைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ராத்திரி என் பக்கத்தில் மிக்சர் மேஜையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சாமக்கொடை தொடங்கி உச்ச மகுடம் நெருங்கியபோது காதைப் பொத்திக்கொண்டாள். “மாமா, இது அந்தப் பேய் மியூசிக்!” என்றாள். படத்தைப் போனில் பார்த்திருக்கிறாள். நான் சமாதானம் சொல்வதற்குள் பெரியப்பா சல்லடத்தோடு திரும்பினார். பிள்ளை வீறிட்டது. “தாத்தாவுக்குப் பேய் புடிச்சிடுச்சு!”

அறிவிப்புக்காக என் முன்னால் ஒரு மைக் திறந்திருந்தது. நான்கு குழாயிலும் அது ஊர் முழுக்கக் கேட்டது.

அண்ணாவி ஒரு வரியை விட்டுவிட்டார். பெரியப்பாவின் கால் நின்றது. சாமி நின்ற இடத்தில் நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெண்கள் குலவை போட்டு, மகுடக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்து, எப்படியோ ஆட்டம் நடந்தது. மயான வேட்டைக்கும் போய்த் தீப்பந்தத்தோடு திரும்பி வந்தார். வந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திருநீறு பூசிக்கொண்டே வந்தவர், மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளை மேஜைக்கு அடியில் வயர்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது. திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அதை மிக்சர் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் திண்ணையில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஏல, நான் என்ன பேயாட்டமால ஆடுதேன்?”

அடுத்த வருஷம் சல்லடத்தைத் தம்பி மகன் கட்டட்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஐயாமார்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். மகுடத்தைப் பேய்க்கு அடிக்காதீர்கள். உடுக்கையையும் அடிக்காதீர்கள். சாமி வருகிற சத்தத்தைப் பேய் வருகிற சத்தமாக எங்கள் பிள்ளைகள் காதில் ஏற்றாதீர்கள்.

பேய்ப்படமே எடுக்காதே என்று சொல்ல நான் யார்? பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்களும். உண்மையைச் சொன்னால், பேய்க்கும் சாமிக்கும் எங்கள் ஊரில் ரொம்பத் தூரமில்லை. அநியாயமாகச் செத்தவர்களுக்கு ஒரு பூடம் போட்டு, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்தால் அவர்கள் சாமி. முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குக் காவல் நின்று சண்டையில் செத்தவர். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவருக்குச் செருப்பைத்தான் நேர்ந்து கட்டுகிறார்கள். அந்தச் செருப்பு தேய்ந்துபோவதைப் பார்த்து, பட்டவராயன் (முத்துப்பட்டனுக்கு அங்கே அதுதான் பெயர்) போட்டு நடந்திருக்கிறார் என்று கும்பிடுகிறார்கள். செத்தவர் திரும்பி வந்து நடமாடுவது அங்கே பயப்படுகிற விஷயமாக இல்லை. சந்தோஷம்.

வெள்ளைக்காரரையும் எங்கள் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. 1809-இல் திருவிதாங்கூர்க் கோட்டை வரிசையைப் பிடிக்கிற சண்டையில் போல் என்று ஒரு கேப்டன் அடிபட்டுச் செத்தார். அவரைப் புதைத்த இடத்தில் சாராயமும் சுருட்டும் வைத்து மக்கள் கும்பிட்டார்கள். இதை எழுதிவைத்தவர் கால்டுவெல் ஐயர். 1841-இல் இடையன்குடிக்கு வந்தவர். ஒப்பிலக்கணம் தந்தவர் என்பதால் அவர்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் சாமியாட்டத்தைப் பேயாட்டம் என்று 1849-இல் இங்கிலீஷில் அச்சடித்தவரும் அவர்தான். அவர் பாதிரியார், அவர் வேலை அது. உங்களுக்கு என்ன வந்தது? அவர் எழுதியது லண்டன்காரர்களுக்கு. நீங்கள் எடுப்பது எங்களுக்கே, அதுவும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு.

உங்கள் பேய்க்கு எத்தனையோ சத்தம் இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவில் ஒரு படத்தில் சிறுமியின் தலை பின்பக்கம் திரும்பியது. அதிலிருந்து நம் ஊர்ப் பேய்க்கும் கழுத்து நிற்பதில்லை. அந்தப் பேயோடு அந்த ஊர் வயலினையும் வாங்கிக்கொள்ளலாமே. கதவுக் கீச்சு இருக்கிறது, கொலுசு இருக்கிறது, தாலாட்டை மெதுவாக ஓட்டுகிற பழக்கம் இருக்கிறது. ஏன் மகுடம்? ஏன் சல்லடம்? உங்கள் படத்தின் கடைசியில், சல்லடம் கட்டிவிட்ட அந்தப் பேயை ஓட்டுவதற்கு மலையாளத்திலிருந்து ஒரு மந்திரவாதி வேறு வருகிறார். இதைப் பார்த்துவிட்டு எங்கள் அண்ணாவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சுடலைமாடன் கதையில் சுடலை மலையாளத்துக்குப் போய், காளிப்பெரும்புலையன் என்கிற மந்திரவாதியின் குடும்பத்தையே வேரோடு அறுத்துவிட்டு வருகிறார். நீங்கள் ஜெயித்தவரைத் தோற்றவராக்கிவிட்டீர்கள். ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கப் பொறுமை இல்லாவிட்டால் பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படங்களில் பேய் பிடித்த பெண்ணை முதலில் கட்டிப்போடுவார்கள், இல்லையா? கயிறு, அப்புறம் சங்கிலி. பார்க்கிறவர்கள் பழகிவிட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. எங்கள் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் ஏர்வாடி. மனநலம் கெட்டவர்கள் 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 2017-இல் வந்த மனநலச் சட்டம், நோயாளி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. எங்கள் கொடையில் ஆடுகிற பெண்களை யாரும் கட்டுவதில்லை. இரண்டு பேர் பின்னால் நின்று, விழாமல் தாங்கிப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஆடி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர். அப்புறம் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீவனம் வைப்பாள். அதை ஒருவரும் படம் எடுப்பதில்லை. அதில் பயம் இல்லையே.

சத்தம் என்று பேச்சு வந்துவிட்டதால் இதுவும். 2000-இல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் குழாய் கூடாது. சாமக்கொடை நடப்பதே நள்ளிரவில். அனுமதிச் சீட்டுக்கு அலைந்து, ஊர்ப்பெரியவர்களைக் கூட்டிப்போய்ப் பேசி, கடைசியில் குழாயைக் கோயிலைப் பார்த்துத் திருப்பி வைத்து ஒப்பேற்றுகிறேன். மூடிய அரங்கத்துக்கு அந்தத் தடை இல்லை. அதே மகுடம் உங்கள் தியேட்டரில் இரவுக் காட்சியில் தாராளமாக அலறலாம். சட்டத்தைக் குறை சொல்லவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஊரில் உண்டு. ஆனால் பேய்க்குக் கிடைக்கிற வசதி சாமிக்குக் கிடைக்கவில்லையே என்று ஒரு ஆதங்கம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். சென்சாரில் இப்போது 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்துச் சீட்டு கொடுக்கிறார்கள் என்று தெரியும். போனில் பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் சீட்டு எதற்கு ஆகும்? அதனால்தான் சென்சாருக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து மகுடத்தைப் பேய்க்கு அடிக்காதீர்கள். கணியான் கூத்து உங்கள் படத்தில் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடையாகவே வரட்டும். மகுடம் அடித்தவர்கள் பெயரை டைட்டிலில் போடுங்கள். பெரியப்பா மாதிரி ஒருவர் ஆடினால், அவருக்கு எதிரே கும்பிடுகிற நான்கு பேரையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அந்த 2000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியாது, அதில் ஒரு ஆம்பிளிஃபையர் பழுது பார்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். அடுத்த ஆடிக் கொடைக்கு உங்களில் யார் வந்தாலும் வாடகை வாங்காமல் லைன் போட்டுத் தருகிறேன். வியாழன் ராத்திரி குடியழைப்புக்கே வந்துவிடுங்கள், சனிக்கிழமை மஞ்சள் நீராட்டு முடியும்வரை இருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். சினிமாக்காரர்கள் கேட்கத்தான் வருகிறார்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லி, சல்லடத்தை இன்னும் ஒரு வருஷம் அவரையே கட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நாங்குநேரிப் பக்கத்து மைக் செட்காரன்