ரூபாய் நோட்டில் தபால் முத்திரை: எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதம் வந்தாலே, "கல்யாணத் தேதியோடு தபால் முத்திரை குத்திய நோட்டு செய்து தருவீர்களா?" என்று கேட்டு வருகிறீர்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும்கூடக் கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்த விளக்கம்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் பார்த்த இரண்டு டாலர் நோட்டுதான் பலருக்கும் இந்த ஆசையைக் கிளப்பியிருக்கிறது. அந்த நாட்டின் சுதந்திர இருநூறாம் ஆண்டையொட்டி, 1976 ஏப்ரல் 13 அன்று, நோட்டில் படமுள்ள முன்னாள் அதிபர் ஜெபர்சனின் பிறந்தநாளில், அந்த நோட்டைப் புதிதாக வெளியிட்டார்கள். ஜனங்கள் வங்கியில் நோட்டை வாங்கிய கையோடு தபால் நிலையத்துக்குப் போய், அதன் மேலேயே 13 சென்ட் தபால்தலை ஒட்டி, அன்றைய முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டார்கள். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் முத்திரை வட்டத்தைப் பாருங்கள். பாதி தலையிலும் பாதி நோட்டிலும் விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் தலை பிற்பாடு ஒட்டியதல்ல என்று நம்பலாம். ஒன்று சொல்லிவிடுகிறோம்: இவை ஏராளமாக இருக்கின்றன. பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

நம் ரூபாய் நோட்டில் இதைச் செய்ய மாட்டோம். நோட்டில் எழுதக் கூடாது, ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 1999-இல் கொண்டுவந்த சுத்தமான நோட்டுக் கொள்கையிலிருந்து சொல்லி வருகிறது. நோட்டு பருத்திக் காகிதம். எண்ணெய்ப் பசையுள்ள முத்திரை மை ஊறி மறுபக்கம் தெரியும். சேகரிப்பவர் கண்ணில் அது கறைபட்ட நோட்டுதான்.

ஆனால் உங்கள் ஆசை நியாயமானது. ரிசர்வ் வங்கி நோட்டின் பின்பக்கம் அச்சிட்ட ஆண்டு மட்டும்தான் இருக்கும், அதுவும் சுமார் இருபது வருடமாகத்தான். நாளையும் ஊரையும் சேர்த்துச் சொல்வது தபால் முத்திரைதான். அதனால் முத்திரையை உறையில் வாங்குகிறோம். நல்ல கனமான உறையில் தலை ஒட்டி, உங்கள் வீட்டு முகவரி எழுதி, மதுரை ஸ்காட் ரோடு தலைமைத் தபால் நிலையத்தில் சேர்க்கிறோம். உள்ளே நோட்டு இருக்காது, காலி உறைதான் போகும். அது முத்திரையோடு உங்கள் கைக்கு வந்ததும் கடைக்கு எடுத்து வாருங்கள். நோட்டைப் பாலியஸ்டர் உறையில் போட்டு, பசை படாமல், பக்கத்தில் பொருத்திச் சட்டம் போட்டுத் தருகிறோம். மணமக்கள் படத்தைத் தபால்தலைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு வாங்க அஞ்சல் துறையின் 'மை ஸ்டாம்ப்' இருக்கிறது.

எந்த நோட்டு வைக்கலாம்? மொய்யில் கூடச் சேரும் ஒற்றை ரூபாய்க்கு ஈடாக ஒரு ரூபாய் நோட்டு வைப்பது எங்களுக்குப் பிடிக்கும். தேதி எண் நோட்டு கிடைத்தால் இன்னும் விசேஷம்: 2025 பிப்ரவரி 12 என்றால் வரிசை எண் 120225. தேடிப் பிடிக்க நாளாகும், விலையும் கூடும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த தேதி செப்டம்பர் 22. 1921-இல் அந்த நாளில்தான் காந்தி மேலமாசி வீதி வீட்டில் அரை வேட்டிக்கு மாறினார். அந்தத் தேதி விழுந்த மதுரை உறையும், அவர் நூற்றாண்டுக்கு 1969-இல் வந்த, சேவாகிராம ஆசிரமத்துக்கு முன் அவர் உட்கார்ந்திருக்கும் நோட்டும் ஒரே சட்டத்தில் இருந்தால், இந்த ஊர்க்காரர் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகப்பொருள் எங்களுக்குத் தெரியவில்லை.

தயவுசெய்து நோட்டை லேமினேஷன் பண்ணாதீர்கள். பிரித்தெடுக்க முடியாது, நோட்டு போனதுதான். சாதாரண பிவிசி ஆல்பமும் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்று தபால் நிலையம் கிடையாது. முன்தேதி, பின்தேதி போட்டு முத்திரை வாங்கித் தரச் சொல்லாதீர்கள். அது நம்மால் ஆகாது. நிச்சயதார்த்தமோ பத்திரிகை வைத்த நாளோ வாரநாளாக இருந்தால் அந்தத் தேதியைக் கொடுங்கள். எந்தத் தேதியானாலும் பத்து நாள் முன்னதாகச் சொன்னால் உறை தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
நாணயம், தபால்தலைக் கடை,
டவுன்ஹால் ரோடு, மதுரை