தடைக்காலத்து மணலில் ஒரு லீக்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் நடந்த பீச் வாலிபால் போட்டியின் படம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது. மேடையில் பதினொரு பேர் நிற்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன். கோப்பை வாங்கிய இருவரும் ஓரத்தில். அதில் ஒருவருக்குப் பாதி முகம்தான் தெரிகிறது. படம் எடுத்தவரைக் குறை சொல்லவில்லை, மேடை அப்படி. அந்தப் படத்தில் இல்லாத இரண்டு பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். திருச்செந்தூர் வட்டத்தில் ஒரு கடலோர ஊர். மாலை நான்கரைக்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலுக்குப் போனால், இருட்டும்போதுதான் திரும்புவேன். வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

அந்தப் போட்டிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இருவரைக் கூட்டிப் போனேன். விடிகாலை முதல் பஸ். ஏழு மணிக்குப் பெயர் பதிந்தாயிற்று. தொடங்கி வைக்க வேண்டியவர் பத்தேகாலுக்கு வந்தார். எங்கள் முறை வரும்போது பதினொன்றரை. மணல் சுட ஆரம்பித்திருந்தது. 21 புள்ளிக்கு ஒரே ஒரு செட். பதினாறு நிமிடத்தில் 21-13 என்று தோற்றார்கள். சின்னவள் காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் வந்து, "சார், அடுத்த மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். அரைப்பரீட்சை முடிந்த நாளிலிருந்து பழகிய பிள்ளை. "அவ்வளவுதாம்மா, நாக்-அவுட்" என்றேன். அவள் பெரியவளைப் பார்த்தாள், பெரியவள் கடலைப் பார்த்தாள். சாப்பாட்டு டோக்கன் இரண்டு கையில் இருந்ததால் ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தோம்.

32 ஜோடிகள் வந்திருந்தன. நாக்-அவுட்டில் 32 ஜோடிக்கு மொத்தமே 31 ஆட்டம். அதாவது பாதிப்பேர், 16 ஜோடிகள், ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டும். நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்திருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று ஆட்டமாவது கிடைத்திருக்கும். "ஒரு நாளில் முடியாதே" என்பார்கள். ஒரு நாளில் முடிக்கச் சொன்னது யார்?

அன்று வலை ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தது. பெண்களுக்கு 2.24. அதிலும் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2.12 என்றும், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 மீட்டர் என்றும் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. "இறக்கிக் கட்டலாமா தம்பி?" என்று கேட்டேன். "கம்பியில ஒரே கொக்கிதான் சார் வெல்டிங் பண்ணியிருக்கு" என்றான் வலை கட்டிய பையன். இன்னும் மூன்று கொக்கி வைக்க வெல்டிங் கடைக்காரர் எவ்வளவு கேட்டிருப்பார்? எங்கள் ஊர் கம்பத்தில் நான்கு கொக்கி உண்டு. கம்பத்தை நிறுத்த டயருக்குள் கான்கிரீட் ஊற்றி வைப்பதில்லை. ஓடி வருகிற பிள்ளை அதில் இடித்தால் முழங்கால் போய்விடும். கரைவலைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, சாக்கில் மணலைக் கட்டி இடுப்பளவு ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து கயிறு எடுத்துக் கம்பத்தை இழுத்துக் கட்டுகிறோம். கச்சான் காற்றுக்கும் அசையாது. கம்பத்தைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சு.

ஆடுகளம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அந்த நீளம் வடக்கு தெற்காகப் போக வேண்டும். அன்று கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு பக்கத்தாருக்குக் கண்ணில் வெயில், மாலையில் எதிர்ப்பக்கத்தாருக்கு. கோட்டைச் சுண்ணாம்புத் தூளில் போட்டிருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் பாதிக் கோடு அழிந்து, மீதி பிள்ளைகள் கண்ணில் இருந்தது. 5 சென்டிமீட்டர் அகல நாடாவை நான்கு மூலையிலும் புதைத்துக் கட்டினால் சீசன் முழுக்க வரும்.

பந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கையில் கொடுத்த பந்தைப் பெருவிரலால் அழுத்தினேன். நெற்றுத் தேங்காய் மாதிரி இருந்தது. அது உள்ளரங்குப் பந்து. அதன் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 கிலோவிலிருந்து 0.325 வரை. பீச் வாலிபால் பந்துக்கு 0.175 முதல் 0.225 வரைதான், சுற்றளவும் சற்றுப் பெரிது. காற்றில் மிதக்க வேண்டிய பந்து அது. கல்லாக அடைத்த பந்தை முன்கையில் வாங்கிய பிள்ளை மறுநாள் வரமாட்டாள். வராததற்குக் காரணமும் சொல்லமாட்டாள்.

இவ்வளவும் குறைதான். ஆனால் நான் எழுத வந்தது வேறு.

எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் போகிறவர்கள் வலை பொத்துவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மூன்று மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் மரத்தடியில் சீட்டாடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்போதுதான் விடுமுறை. அப்பனும் பிள்ளையும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்கிற காலம் வருடத்தில் இது ஒன்றுதான். மணல் வாசலிலேயே கிடக்கிறது. இந்த 61 நாளில் எட்டு வார இறுதிகள் தாராளமாக வருகின்றன. ஒருநாள் திருவிழா வேண்டாம், எட்டு வாரத்துக்கு ஒரு லீக் நடத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கணக்குப் போட்டே சொல்கிறேன். 16 வயதுக்கு உட்பட்ட பெண்கள், அதே வயதுப் பையன்கள், பெரியவர்கள் என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு எட்டு ஜோடி. எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் பிரிவுக்கு 28 ஆட்டம், மொத்தம் 84. 21, 21, 15 என்று முறையாக மூன்று செட் வைத்தால் ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரம் போகும். இரண்டு ஆடுகளம், மாலை நான்கு முதல் ஆறரை வரை, ஒரு மாலைக்கு ஆறு ஆட்டம். பதினான்கு மாலைகள், ஏழு வார இறுதிகள். எட்டாவது வாரம் அரையிறுதியும் இறுதியும். பரிசே வாங்காத பிள்ளையும் ஏழு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் திரும்புவாள்.

மாலை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு காலை எங்கள் பக்கத்து ஊர்களில் பூசை. அந்த நேரத்தில் யாரும் பந்தைத் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. வள்ளத்தில் போகிறவர்கள் விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பி, ஒரு தூக்கம் போட்டுத்தான் வர முடியும். விளக்குக் கட்டி இரவில் நடத்தலாம் என்று வாலிபர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கடலாமை முட்டையிட்டுப் போன கரைகளில் ஏப்ரலிலும் குஞ்சு பொரியும். அவை வெளிச்சத்தைக் கண்டால் கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து ஊர்ந்து வரும். மணலில் படர்கிற அடப்பங்கொடியைப் பிடுங்கியும் ஆடுகளம் போடக் கூடாது என்கிறேன். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடி. இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை உருண்டு வந்தால் மட்டும் பொறுக்கி எறியுங்கள், வெறுங்காலில் ஏறினால் தெரியும். பாட்டில் சில்லுக்கு ஜல்லிச் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும். போன வருடம் நாங்கள் சலித்ததில் தூண்டில் முள் மட்டும் ஒரு கொட்டாங்கச்சி நிறைய வந்தது.

ஜூனில் கச்சான் தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எல்லாரும் காற்று முதுகில் இருக்கிற பக்கம்தான் நல்லது என்று நினைப்பார்கள். இல்லை. காற்றை எதிர்த்து சர்வீஸ் போட்டால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து உள்ளேயே விழும். காற்றோடு போட்டால் தட்டினாலே வெளியே பறந்துவிடும். அதனால்தான் முதல் இரண்டு செட்டில் ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறச் சொல்கிறது விதி. இதை நான் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தும் மண்டையில் ஏறாத பையனுக்கு, அவனுடைய தாத்தா கரையில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் காற்றைக் காட்டி ஒரு வார்த்தையில் புரியவைத்தார். பெரியவர்களையும் சிறியவர்களையும் ஒரே லீக்கில் சேர்க்கச் சொல்வது இதற்காகவும்தான். கடல் பக்கம் பந்து ஓடாமல் இருக்கப் பழைய வலையைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

பெரியவர்கள் பிரிவில் ஒரு சின்ன நிபந்தனை வைத்தால் நன்றாக இருக்கும்: இருவர் வயதையும் கூட்டினால் எண்பது வர வேண்டும். இருபது வயதுக்காரன் ஆட ஆசைப்பட்டால் அறுபது வயதுக்காரரைத் தேடிப் பிடிக்கட்டும். தோற்ற ஜோடி அடுத்த ஆட்டத்துக்கு நடுவர், ஜெயித்த ஜோடி புள்ளிப்பலகை. வெளியூர் நடுவருக்குப் படி கொடுக்கிற செலவு மிச்சம், விதியும் தன்னால் படியும். விரல்நுனியால் பந்தைத் தள்ளி விடுவது இங்கே தப்பு, வலையருகே கையுயர்த்தித் தடுக்கிற பிளாக்கில் பட்டதும் ஒரு தொடுதல் என்பதெல்லாம் ஆடும்போது தெரிவதைவிட விசில் ஊதும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. ஜோடி கிடைக்காத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. நான்கு பேரை எடுத்து, ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை ஜோடி சேர்ந்து மூன்று ஆட்டம் ஆட வேண்டும், புள்ளி ஆளுக்கு ஆள் தனி. யாரோடும் பேசாத ஒரு பையன் இதில்தான் வாயைத் திறந்தான். திறந்ததும் எல்லாரையும் திட்டினான் என்பது வேறு விஷயம்.

பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்கு இருட்டு ஒரு காரணம், உடை இன்னொன்று. போனில் வெளிநாட்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்த உடுப்புல எம்மவ ஆடணுமா?" என்று ஒரு தகப்பன் நேராகவே கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அரைக்கால் சட்டையும் கைவைத்த சட்டையும் போட்டுப் பெண்கள் ஆடலாம் என்று 2012லேயே சர்வதேச வாலிபால் சம்மேளனம் விதியை மாற்றிவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்துப் பெண்கள் முழுக்கைச் சட்டையும் கால் முழுக்க மூடிய உடையுமாக ஆடினார்கள், ஒருவர் தலையையும் மூடியிருந்தார். அந்தத் தகப்பன் மகளை அனுப்பினார். உடை மாற்றத் தடுப்பும், தண்ணீர் வருகிற கழிப்பறையும் வேண்டும் என்றார். நியாயம்தான். அதற்கு ஊர்க் கமிட்டியும் ஊராட்சியும் மனது வைக்க வேண்டும். மேடைக்குக் கொடுக்கிற பந்தல் வாடகையில் பாதி போதும்.

ரொக்கப் பரிசு வேண்டவே வேண்டாம். அது வந்தால் மூன்றாவது வாரமே வெளியூர் ஆள் இறங்கிவிடுவான், ஊர்ப் பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். நுழைவுக் கட்டணம் ஜோடிக்கு நூறு ரூபாய் வைத்து, அந்தப் பணத்தில் பந்து வாங்கி, கடைசி இடம் பிடித்த ஊருக்கு அதைக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் பழக வேண்டியிருக்கும். இதைச் சொன்னபோது கமிட்டியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. லீக் என்பது புள்ளிப்பட்டியலில்தான் உயிரோடு இருக்கும். சனி, ஞாயிறு ஆடியது திங்கட்கிழமை காலை டீக்கடையில் பேப்பரில் இருந்தால், நான்காம் இடத்தில் இருக்கிறவன் அடுத்த சனிக்கிழமை தானாக மணலுக்கு வருவான். உங்கள் மாவட்டப் பக்கத்தில் திங்கள்தோறும் நான்கு அங்குல இடம் ஒதுக்குங்கள். படம் வேண்டாம். ஜோடி, ஊர், ஆடியது, வென்றது, புள்ளி, அவ்வளவுதான். எட்டு வாரத்துக்கு மட்டும்.

இந்த ஆண்டு எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊர்களும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. பெண்கள் பிரிவில் ஐந்து ஜோடி சேர்ந்தாயிற்று, மூன்று வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது. தடைக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு இரவு ஏழரைக்குள் முதல் வாரப் பட்டியலை உங்கள் திருச்செந்தூர் நிருபர் கையில் கொடுத்துவிடுகிறேன். பக்கம் எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.